வம்சத்தில் வருகிறதா, வைரஸில் வருகிறதா: ஹெபடைடிஸ் பி உள்ள குடும்பம் கல்லீரல் புற்றுநோயை முன்வைத்துச் செய்ய வேண்டியவை

தில்லியில் ஒருவருக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்த அன்று மாலையே ஊரிலிருந்து தொலைபேசி வரும். "பெரியப்பாவும் காமாலை முத்தித்தானே போனார், இது நம்ம வம்சத்துல ஓடுதோ?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ஆம் என்று சொல்லிவிட்டால் குடும்பமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இல்லை என்று சொல்லிவிட்டால் சோதித்துக்கொள்ள வேண்டிய ஏழெட்டுப் பேர் சோதிக்காமலே இருந்துவிடுவார்கள். சரியான பதிலைக் குடும்பமே தேடி எடுக்க முடியும். அதற்கு ஒரு முழுத்தாள், சில இரத்தச் சோதனைகள், கொஞ்சம் மரபியல் அறிவு ஆகிய மூன்றும் போதும் என்பதால், அவற்றை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று இங்கே எழுதுகிறேன்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் ஏற்பட்டதன்று. கல்லீரலைத் தாக்கிப் பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் வழிவிடும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பாருக் புளும்பெர்க் 1960களில் தேடிக்கொண்டிருந்தது வைரஸை அல்ல; மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதங்களில் காணப்படும் மரபுவழி வேறுபாடுகளையே அவர் தேடினார். ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் இரத்தத்தில் கிடைத்த புதிய புரதத்துக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டார். அது சில குடும்பங்களில் திரண்டு காணப்பட்டதால் பெற்றோர் வழியே இறங்கும் மரபுக்கூறாக இருக்கலாம் என்றுதான் அவரும் முதலில் கருதினார். பிறகே அது ஒரு வைரஸின் மேலுறை என்பது தெளிவாயிற்று. 1976-இல் நோபல் பரிசும் வந்தது. இன்று ஆய்வக அறிக்கையில் 'எச்பிஎஸ்ஏஜி' என்று அச்சாகி வருவது அதே ஆஸ்திரேலியா ஆன்டிஜென்தான்.

மூன்று வகை மரபணுக்கள்

'ஜெனடிக்' என்ற சொல்லை மருத்துவர் பயன்படுத்தும்போது அவர் எந்த மரபணுவைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நோயில் மூன்று தனித்தனி மரபணுத் தொகுதிகள் பேசப்படுகின்றன. முதலாவது வைரஸின் மரபணு. இரண்டாவது கட்டியின் மரபணு, அதாவது ஒரு கல்லீரல் செல்லுக்குள் நோயாளியின் வாழ்நாளில் புதிதாக ஏற்பட்டு, அந்தக் கட்டியோடு மட்டும் நின்றுவிடும் மாற்றங்கள். மூன்றாவதுதான் தாய் தந்தையரிடமிருந்து கருவிலேயே வந்து உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும் மரபணு. 'வம்சம்' என்று நாம் சொல்வது இந்த மூன்றாவதை மட்டுமே.

மூன்றிலும் பலம் குறைந்தது இந்த மூன்றாவது என்பதைப் பலர் நம்புவதில்லை. எண்களைப் பார்த்தால் புரியும். தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 223 மடங்கு என்று தெரிந்தது. அதற்கு மாறாக, நோய் எதிர்ப்பை நடத்தும் எச்எல்ஏ மரபணுக்களில் பிறவியிலேயே இருக்கும் சிறு வேறுபாடுகள், வைரஸ் உடலில் தங்கிவிடுமா வெளியேறிவிடுமா என்பதை ஓரளவு தீர்மானிக்கின்றன. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை முதலில் காட்டினார்கள். ஆனால் அத்தகைய ஒவ்வொரு வேறுபாடும் வாய்ப்பைப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மடங்கு அளவில்தான் ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கல்லீரல் புற்றுநோய் இருந்தால், வைரஸ் உள்ள ஒருவருக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது என்பது உண்மைதான். அது கண்காணிப்பைச் சீக்கிரம் தொடங்கப் போதுமான காரணம். வைரஸ் இல்லாத உறவினர் உறக்கம் கெட்டுப்போக அது காரணமாகாது.

தாளில் வரையத் தொடங்குங்கள்

ஒரு முழுத்தாளை எடுத்துக் குடும்ப மரத்தை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்பது மரபியலார் வழக்கம். குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும். மாமன் மகளையோ அத்தை மகனையோ அக்கா மகளையோ மணந்த உறவு இருந்தால், அந்தத் திருமணக் கோட்டை இரட்டைக் கோடாகப் போடுங்கள். இது பின்னால் ஓரிடத்தில் தேவைப்படும். இறந்தவர்களின் வயதையும், அப்போது சொல்லப்பட்ட காரணத்தை அவர்கள் சொன்ன சொல்லிலேயும் எழுதுங்கள். 'காமாலை', 'வயிற்றில் நீர் கோத்தது', 'இரத்த வாந்தி', 'குடித்துக் குடித்துக் கெட்டது' என்பவற்றை உங்கள் ஊகத்தால் திருத்த வேண்டாம். குடிப்பழக்கத்தின் மேல் பழிபோட்டு மூடப்பட்ட பல கோப்புகளில் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்தே இருந்திருக்கும், அன்று சோதிக்காததால் தெரியாமல் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

எடுத்துக்காட்டாக, ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் வாழும் ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்கு வயது 74. காலையில் மலை மந்திர் முருகன் கோயிலின் படிகளை ஏறி இறங்கும் அளவுக்குத் திடமாக இருக்கிறார். மூத்த மகன் 48 வயதில் கும்பகோணத்தில் 'காமாலை முற்றி' இறந்தார். இரண்டாம் மகனுக்கு இப்போது 51 வயதில் கட்டி தெரிகிறது. மயூர் விஹாரில் இருக்கும் மகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவருடைய மகனுக்குக் கல்லூரி இரத்ததான முகாமில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று தகவல் வந்திருக்கிறது. இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், ஆண்பிள்ளைகளை மட்டும் தாக்கும் குலசாபம் என்று சொல்வார்கள். மரபியல் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் எக்ஸ் குரோமோசோம் என்பார்கள். இரண்டுமில்லை. பாட்டியிடமிருந்து பிரசவத்தின்போது மூன்று பிள்ளைகளுக்கும், மகளிடமிருந்து அதே வழியில் பேரனுக்கும் வைரஸ் இறங்கியிருக்கிறது என்பதே இங்கு முதலில் சோதித்துப் பார்க்க வேண்டிய விளக்கம்.

பிறக்கும்போது தொற்றினால் ஏறத்தாழ 90 விழுக்காடு குழந்தைகளிடம் வைரஸ் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது; நலமாக உள்ள பெரியவருக்குத் தொற்றினால் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே தங்குகிறது. ஆகவே ஒரே தாயின் பிள்ளைகளிடம் நோய் திரளும். கல்லீரல் புற்றுநோய் ஆண்களுக்குப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஆண் ஹார்மோன் வைரஸின் மரபணு இயக்கத்தைத் தூண்டுவது அதற்கொரு காரணம். எனவே பிள்ளைகள் நோயில் விழ, வைரஸைத் தந்த தாய் ஆரோக்கியமாக எழுபதைத் தாண்டுவது அரிதில்லை. வரைபடத்தில் ஆரோக்கியமான வட்டமாக நிற்கும் அந்தப் பாட்டியை யாரும் சோதிப்பதே இல்லை. முதலில் சோதிக்க வேண்டியவர் அவர். அடுத்து அவருடைய தங்கைகளும் அவர்களின் பிள்ளைகளும்; ஏனென்றால் பாட்டிக்கும் அது தன் தாயிடமிருந்தே வந்திருக்கலாம். 'உன்னால்தான்' என்ற சொல் வீட்டில் எழாதபடி இதைச் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தாய்வழியாகப் பொருந்தாத படங்களும் உண்டு. கணவன் மனைவிக்கிடையே, ஒரே சவரக்கத்தியைப் பகிர்ந்த அண்ணன் தம்பிக்கிடையே, கொதிக்கவைக்காத ஊசியால், பச்சை குத்தியதால், காது குத்தியதால், ஒரே கத்தியால் வரிசையாக மொட்டை போட்டதால் என்று பக்கவாட்டிலும் இது பரவும். உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டியணைப்பதாலோ பரவாது. ஆகவே தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கிவைப்பது வெறும் கொடுமையே.

யாருக்கு எந்தச் சோதனை

வரைபடத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று இரத்தச் சோதனைகளைச் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்: எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ், ஆன்டி-எச்பிசி டோட்டல். முதலாவதை மட்டும் செய்து 'நெகட்டிவ்' என்று அனுப்பிவைப்பதுதான் வழக்கமாக நடப்பது. அதனால் பாதி விவரமே கிடைக்கும். முதலாவது பாசிட்டிவாக இருந்தால் வைரஸ் இப்போது உடலில் உள்ளது. ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் அது நாட்பட்ட தொற்று. மூன்றில் ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு. ஆன்டி-எச்பிஎஸ்ஸும் ஆன்டி-எச்பிசியும் சேர்ந்து பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்றி, உடலே அதை அடக்கிவிட்டது. ஆன்டி-எச்பிசி மட்டும் பாசிட்டிவ் என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்தத்தில் வெளிப்படாமல் வைரஸ் கல்லீரலில் பதுங்கியிருக்கும் நிலையும் அதில் அடங்கும். இவருக்குப் பிற்காலத்தில் கீமோதெரபியோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோ தர நேர்ந்தால் வைரஸ் விழித்துக்கொள்ளக்கூடும். ஆகவே அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்து, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் அவருக்குத் தேவை தடுப்பூசி மட்டுமே: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. நோயாளியின் கணவனோ மனைவியோ என்றால், மூன்றாம் ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-எச்பிஎஸ் அளவு 10-ஐத் தாண்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

2018-ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், அதற்கென அமைந்த அரசு மருத்துவமனை மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். ஜூலை 28 புளும்பெர்க்கின் பிறந்த நாள். உலக ஹெபடைடிஸ் நாளும் அதுவே. தில்லியில் வசந்த் குஞ்சில் கல்லீரலுக்கென்றே ஐஎல்பிஎஸ் என்ற மருத்துவமனை உள்ளது. அன்சாரி நகரில் எய்ம்ஸ் உள்ளது. எங்கே போனாலும் பர்ச்சி (அனுமதிச் சீட்டு) வாங்கும் வரிசையில் நிற்கும் முன்பே வரைபடத்தின் நகலொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தி தடுமாறும் ஊர் உறவினருக்காகப் பேசப் போகிறவர்களுக்கு அந்த ஒரு தாள் கால் மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும். மருத்துவரும் அதை ஒரே பார்வையில் படித்துவிடுவார்.

வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று நிராகரிக்கப்பட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் குடும்பத்தில் இருக்கலாம். அவர்களிடம் தனியாகக் கேளுங்கள். வரைபடத்தின் காலி இடம் அங்கேதான் நிரம்பும்.

செல்லுக்குள் நடப்பது

அறிக்கைகளைப் படிக்க இதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மனித மரபுத்தொகுதி 300 கோடி எழுத்துகளுக்கு மேற்பட்டது. இந்த வைரஸின் மரபுத்தொகுதி வெறும் 3,200 எழுத்துகள். வளையமாக, ஒரு பகுதி மட்டும் இரட்டை இழையாக உள்ள டிஎன்ஏ. அதில் நான்கே மரபணுக்கள். இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழுதப்பட்டவை போல அமைந்துள்ளன. பித்த உப்பைக் கல்லீரல் செல்லுக்குள் இழுக்கும் ஒரு வாசல் புரதத்தின் வழியாகவே வைரஸ் உள்ளே நுழைகிறது. அந்த வாசல் எது என்று 2012-இல்தான் தெரிந்தது. நுழைந்த டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குப் போய் முழு வளையமாக மூடிக்கொள்கிறது. நம் குரோமோசோம்களுக்குப் பக்கத்தில் குடியேறிய இன்னொரு சிறு குரோமோசோம் போல, வாழ்நாள் முழுதும் அது படிகளை எழுதிக்கொண்டேயிருக்கும். டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் புதிய படிகள் உருவாவதைத் தடுக்கின்றன. அந்த மூல வளையத்தை அவற்றால் அழிக்க முடியாது. இரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்றதும் மாத்திரையைத் தாமாக நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களில் கல்லீரல் அழற்சி பொங்கி எழுவதன் காரணம் இதுவே.

படியெடுக்கும்போது ஆர்என்ஏ-வாக எழுதி, பிறகு அதை டிஎன்ஏ-வாகத் திருப்பி எழுதுவது இந்த வைரஸின் வழி. அந்த வேலையில் சில வேளை தவறுதலாக வளையமாகாத நேர்கோட்டுத் துண்டுகள் உருவாகின்றன. நம் குரோமோசோமில் எங்கேனும் முறிவு ஏற்பட்டிருந்தால், அதை ஒட்டவைக்கும் செல்லின் பழுதுபார்ப்பில் இந்தத் துண்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. வைரஸால் வந்த கல்லீரல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இப்படிச் செருகிய வைரஸ் டிஎன்ஏ உள்ளது. எங்கே செருகியது என்பதுதான் விதி. பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. அடிக்கடி காணப்படும் ஆபத்தான இடம் 'டெர்ட்' என்ற மரபணுவின் வாசலருகே உள்ளது. பட்டுப்புடவை முந்தானையில் நூல் பிரியாதிருக்கக் குச்சம் முடிவது போல, குரோமோசோமின் நுனியில் டெலோமியர் என்ற பாதுகாப்பு உள்ளது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேயும். தேய்ந்து முடிந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். டெர்ட் அந்தக் குச்சத்தை மறுபடி முடியும் நொதியை உருவாக்குவது. பெரியவர்களின் கல்லீரல் செல்லில் அது உறங்கிக் கிடக்க வேண்டும். வைரஸ் துண்டு அதன் வாசலில் ஒட்டி அதை எழுப்பிவிட்டால், அந்தச் செல்லுக்கு முடிவில்லாமல் பிரியும் வழி திறந்துவிடுகிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. தொற்றின் தொடக்க ஆண்டுகளிலேயே செருகல் நடந்துவிடக்கூடும் என்பதால், மருந்து வைரஸை அடக்கிய பின்னும் புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர முழுதாக நீங்காது. மேலும், பிற கல்லீரல் நோய்களில் முதலில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை வந்து, அதன் பிறகே புற்றுநோய் வருவது வழக்கம்; ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் இல்லாமலேயே கட்டி வரலாம். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

கட்டியில் காணப்படும் மற்ற மாற்றங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கும் நம் சமையலறைக்கும் தொடர்பு உண்டு. டிபி53 என்ற காவல் மரபணுவின் 249-ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது சீனாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆய்வு செய்யப்பட்ட கட்டிகளில் 1991-இல் கண்டறியப்பட்டது. கடலையிலும் மக்காச்சோளத்திலும் படரும் பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சின் நச்சு விட்டுச் செல்லும் கைரேகை அது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்ததும் இதே நச்சினால்தான். வைரஸும் இந்த நச்சும் ஓருடலில் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. தில்லிக் குளிர்காலத்தில் தெருவோரம் வறுத்த கடலை வாங்காதவர் இல்லை. வறுப்பதால் நச்சு முழுதும் போகாது. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கசப்பதையும் வாயில் போட்டபின் யோசிக்காமல் துப்பிவிடுங்கள். சட்னிக்கு வாங்கும் கடலையை மழைக்கால ஈரத்தில் மாதக்கணக்கில் சேமிக்காதீர்கள்.

அறிக்கையில் வரும் மரபியல் சொற்கள்

வைரஸின் அளவு, அதாவது 'எச்பிவி டிஎன்ஏ', ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை யூனிட் என்று வரும். பணத்துக்குத் தட்டுப்பாடு இருந்து ஒரே ஒரு மரபணுச் சார்ந்த சோதனையைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். தைவானில் 3,653 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வு, இந்த எண் ஏற ஏறப் புற்றுநோய் ஆபத்தும் படிப்படியாக ஏறுவதைக் காட்டியது. ஏறத்தாழ 2,000 யூனிட்டுக்கு மேல் என்றால் மருத்துவர் சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவார். வயது, கல்லீரல் நொதிகள், ஃபைப்ரோஸ்கேன், குடும்பத்தில் புற்றுநோய் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவெடுப்பார்.

வைரஸின் மரபுவகை என்று ஏ, பி, சி, டி என ஓர் எழுத்து வரலாம். இந்தியாவில் ஏ-யும் டி-யும் மிகுதி. கிழக்கிலும் வடகிழக்கிலும் சி-யும் உண்டு. சி வகையில் புற்றுநோய் ஆபத்து கூடுதல். 1762, 1764 ஆகிய இடங்களின் பிறழ்வு என்று எழுதியிருந்தால், அதுவும் ஆபத்தைக் கூட்டும் அடையாளமே. ஆனால் மாத்திரை எது என்பதை இவற்றில் எதுவும் மாற்றப்போவதில்லை. இன்டர்ஃபெரான் ஊசியை யோசிக்கும்போது மட்டும் மரபுவகை பயன்படும். ஆகவே மருத்துவர் கேட்டால் செய்யலாம். நாமாகப் போய்ச் செய்துகொள்ள வேண்டியதில்லை.

கட்டியின் மரபணுவைப் படிக்கும் சோதனைக்குப் பெருந்தொகை கேட்கப்படும்போது குடும்பங்கள் தடுமாறுகின்றன. நகையை அடகு வைக்கும் பேச்சு வரை போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இதன் முடிவைப் பார்த்து எந்த மருந்து மாறும்?" முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு முதலில் தரப்படும் அடெசோலிசுமாப்-பெவாசிசுமாப் இணை, சோராஃபெனிப், லென்வாடினிப் ஆகிய எவையும் கட்டியின் மரபணுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுபவை அல்ல. புதிய மருந்துச் சோதனை ஒன்றில் சேரவோ, கட்டி எவ்வகை என்ற ஐயத்தைத் தீர்க்கவோ என்று திட்டமான பதில் வந்தால் சரி. பொதுவாக 'தெரிந்துகொள்வது நல்லது' என்றால், அந்தப் பணத்தை உறவினர்களின் சோதனைக்கும் தடுப்பூசிக்கும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எச்சிலை அனுப்பினால் எல்லாப் புற்றுநோய்களின் மரபுவழி ஆபத்தையும் சொல்லும் என்று விற்கப்படும் பெட்டிகள், வைரஸ் உடலில் இருக்கிறதா என்று சொல்லவே சொல்லாது. அதில் 'ஆபத்து குறைவு' என்று வந்த தாளை நம்பி எச்பிஎஸ்ஏஜி பார்க்காமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து.

பிறவி மரபணுவைத் தேடிப் போக வேண்டிய குடும்பங்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. வரைபடத்தில் உள்ள எல்லாருக்கும் மூன்று வைரஸ் சோதனையும் நெகட்டிவாகி, ஹெபடைடிஸ் சி-யும் குடியும் சர்க்கரையும் உடல்பருமனும் இல்லாமல், இளம் வயதிலேயே கல்லீரல் கெட்டவர்கள் இருந்தால் மரபியல் ஆலோசகரைக் கேளுங்கள். நீங்கள் போட்ட இரட்டைக் கோடுகள் அங்கே பேசும். செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய் போன்றவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால்தான் வெளிப்படும். உறவில் மணம் முடித்த குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுகிறது. கை நடுக்கமோ பேச்சுக் குழறலோ உள்ள பிள்ளையும் அந்த வரைபடத்தில் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

கர்ப்பிணியும் குழந்தையும்

எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் மருமகளோ பேத்தியோ கருவுற்றால், அங்கேதான் இந்தச் சங்கிலியை அறுக்க முடியும். தாய்க்கு எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் வைரஸ் அளவைப் பார்க்க வேண்டும். 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் டெனோஃபோவிர் தருவார்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கூடவே ஆயத்தமான எதிர்ப்புப் புரதங்களைத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்பட வேண்டும். பிரசவம் வசந்த் குஞ்சில் நடந்தாலும் தாய்வீட்டு வழக்கப்படி மாயவரத்தில் நடந்தாலும் இதைப் பிரசவ அறைக்குப் போகும் முன்பே அங்குள்ள மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நள்ளிரவில் பிறக்கும் குழந்தைக்கு அந்த இரண்டாம் ஊசியைத் தேடி யாரும் அலையக்கூடாது. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஹெபடைடிஸ் பி-யும் அடங்கிய வழக்கமான ஐந்து நோய்த் தடுப்பூசி. தாய்ப்பால் கொடுக்கலாம். 9 மாதத்துக்குப் பின் குழந்தையைச் சோதித்தால் காப்பாற்றப்பட்டதா என்பது தெரிந்துவிடும். தைவான் 1984-இல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே அங்கே சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி இதுவே.

கீழாநெல்லி

எந்தக் குடும்பத்திலும் இந்தப் பேச்சு வரும் என்பதால் தவிர்க்க முடியாது. கீழாநெல்லியை ஏளனம் செய்பவன் அல்லன் நான். சென்னை ஆய்வாளர்கள் புளும்பெர்க்குடன் சேர்ந்தே அதைச் சோதித்து 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: 30 நாட்கள் அதை உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாகக் கண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் மறுபடி கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி டெனோஃபோவிரை நிறுத்துவதற்கு இன்று எந்த ஆதாரமும் இல்லை. காபியைப் பற்றி மட்டும் நல்ல செய்தி ஒன்று உண்டு: காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரையைக் குறைத்து அந்த டம்ளரை அனுபவியுங்கள். மதுவை முழுதாக விட்டுவிட வேண்டும்.

ஸ்கேன்

வைரஸ் உள்ளவருக்குச் சிரோசிஸ் இருந்தால் எந்த வயதிலும், இல்லாவிட்டால் ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். கூடவே ஏஎஃப்பி என்ற இரத்தச் சோதனையும் செய்வது வழக்கம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கல்லீரல் புற்றுநோய் இருந்தால் இந்த வயதுகளுக்கு முன்பே தொடங்குவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியை எழுப்பும் உரிமையை உங்கள் வரைபடமே தருகிறது. சிரோசிஸ் வந்தவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குப் புற்றுநோய் வருகிறது. இரண்டு செ.மீ. அளவில் கண்டால் வெட்டி எடுக்கவோ சுட்டுப் பொசுக்கவோ வழியுண்டு. வலி வந்து கண்ட கட்டியில் அந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். ஏஎஃப்பி இயல்பாக இருப்பதால் மட்டும் கட்டி இல்லை என்று சொல்ல முடியாது. கட்டியுள்ள பலருக்கு அது உயர்வதே இல்லை.

ஆறு மாதக் கணக்கு தவறுவதே எல்லாருக்கும் நேர்வது. ஆர்.கே.புரத்துக் குடும்பத்துக்கு நான் சொல்லும் வழி, ஆடிக் கிருத்திகைக்கு ஒன்று, தைப்பூசத்துக்கு ஒன்று என்று நாட்காட்டியில் எழுதிவிடுவது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மாதம். மலை மந்திருக்கு எப்படியும் போகத்தான் போகிறார்கள். அந்த வாரத்திலேயே ஸ்கேனுக்கு நாள் வாங்கி, இரண்டாம் மகன், மகள், பேரன், பாட்டி என்று யார் யாருக்கு எப்போது என்பதை வரைபடத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். போகும்போது போன முறை எடுத்த ஸ்கேன் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பு இல்லாத ஒரு சிறு புள்ளியை மருத்துவர் ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது அந்தப் பழைய படத்தை வைத்துத்தான்.